இராமபாணத்துக்குக் கோஹா தெரியாது

நூலகருக்குப் பயிற்சி என்றாலே கணினி முன்னால் உட்கார வைப்பது என்று ஆகிவிட்டது. கோஹா என்ற நூலக மென்பொருள், பார்கோடு, மின்னூல். வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் கோயம்புத்தூருக்கும் கீழக்கரைக்கும் ஒரே பாடத்திட்டம் எப்படிப் பொருந்தும்? இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தொண்டி முதல் சாயல்குடி வரை, புத்தகத்தை முதலில் தின்பது காற்று. கறையானும், தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சியும் அதற்குப் பிறகுதான் பந்தியில் உட்காருகின்றன.

கடற்காற்றில் வரும் உப்பு அட்டையிலும் இரும்பு ரேக்கிலும் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரையும். தாள்களைத் தைத்த கம்பிப் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கையோடு கழன்று வருவது இதனால்தான். 65-க்கு மேல் சில நாள் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஆகவே முதல் கருவி ஈரப்பத மானி, சில நூறு ரூபாய்தான். வாங்கியதும் அதை நம்பிவிடக் கூடாது. பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழைத்து (முழுக்கக் கரைந்துவிடக் கூடாது), மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பைக்குள் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்டினால் சரி. 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படிக்க வேண்டும். வாலிநோக்கம் உப்பளம் இருக்கிற மாவட்டத்தில் இதற்கு உப்பா கிடைக்காது!

பகலெல்லாம் ஏசி ஓட்டி, மாலையில் அணைத்துப் பூட்டிவிட்டுப் போவது, ஏசியே இல்லாததைவிட மோசம். குளிர்ந்து கிடக்கும் அட்டையில் இரவின் ஈரக்காற்று பட்டு வியர்க்கும். ரேக்கைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போட்டு, மின்விசிறி ஓட விடுவது மேல். நாப்தலின் உருண்டை பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. நாள் முழுக்க அதை மூச்சில் இழுப்பவர் நூலகர்தான்.

மழையில் நனைந்த புத்தகத்தை உலர்த்த 48 மணி நேரம்தான் கெடு. வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். விசிறிக் காற்றில், பத்துப் பதினைந்து தாளுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழப்புத் தாள் புத்தகம் நனைந்தபடியே உலர்ந்தால் கல்லாக ஒட்டிக்கொள்ளும். முதலில் கை வைக்க வேண்டியது அதில்தான்.

சரி, கணினிக்கே வருவோம். அங்கேயும் மென்பொருளின் பொத்தான்களைத்தான் காட்டுகிறார்கள், தமிழை விட்டுவிடுகிறார்கள். ‘ஔவையார்’ என்பதன் முதல் எழுத்தை ஒ, ள என்று இரண்டாகத் தட்டினால் திரையில் வித்தியாசமே தெரியாது; தேடினால் நூல் சிக்காது. பழைய எழுத்துருவில் ஏற்றிய பட்டியலை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் கொட்டினால் எல்லாம் கிறுக்கல். நம் ஊர்ப் பெயரையே பாருங்கள்: இராமநாதபுரம், ராமநாதபுரம், ராம்நாடு, முகவை. ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் சேர்த்து வைக்கும் ‘அதிகாரப் பதிவில்’, மார்க் என்ற பட்டியல் முறைப்படி, 151 எண் புலத்தில் ஒரு வடிவத்தை வைத்து, மற்ற மூன்றையும் 451-இல் தர வேண்டும். நூல் எந்த ஊரைப் பற்றியது என்று சொல்லும் 651 புலத்தை அதோடு இணைத்து, 451-இல் உள்ள ‘காண்க’ வடிவங்களையும் தேடலில் சேர்க்கும் அமைப்பை இயக்கி, தேடல் அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டும். கடைசி இரண்டையும் மறந்தால் 451 வெறும் அலங்காரம். இதை அரை நாள் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லை, சான்றிதழுக்கு மட்டும் தங்க எழுத்து.

நூலகத்தின் வேலை மாறுகிறது என்கிறோமே, இந்தக் கரையில் அது என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் எங்கே கிடைக்கலாம் என்று சொல்லும், ஹைதராபாத் கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸின் மீன்பிடி மண்டல அறிவிப்பில் திசை, தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். பழைய அறிவிப்புகளை வைத்து அதைப் படிக்கச் சொல்லித்தர ஏற்ற காலம் இதுதான். அதற்கு நூலகர் முதலில் அதைப் படிக்கக் கற்றிருக்க வேண்டும்.

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அதில் கொஞ்சம் எடுத்து, அடுத்த பயிற்சியை நவம்பரில், கடலோரக் கிளை நூலகம் ஒன்றிலேயே நடத்துங்கள். நனைந்த புத்தகத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டியிருக்காது.