குஷனுக்குள் பஞ்சு உண்டா, இல்லையா? காஸ்டிங் போடும்போதே கேளுங்கள்

கரூரில் நூல் விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் டீக்கடை வரைக்கும் அதே பேச்சுதான். சாயக் கூலி, தையல் கூலி, பாலிபேக், அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றிலும் பைசா கணக்குப் பார்க்கிறோம். அதே குஷன் எந்த எச்.எஸ். கோடில், அதாவது கஸ்டம்ஸ் வரியை முடிவு செய்கிற பொருள் எண்ணில், கப்பல் ஏறுகிறது என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் சிஎச்ஏ (கஸ்டம்ஸ் ஏஜென்ட்) பார்த்துக்குவாருங்க" என்கிறார்கள், இல்லாவிட்டால் "பையர் பி.ஓ.வுல (பர்ச்சேஸ் ஆர்டர்ல) போட்ட கோடுதானுங்க, நமக்கென்ன" என்கிறார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. எந்தக் கோடு என்று முடிவு செய்ய வேண்டிய இடம், அடக்கவிலையைக் கணக்குப் போடுகிற காஸ்டிங் ஷீட். பையருக்கு விலை சொல்வதற்கு முன்னாலேயே அது முடிந்திருக்க வேண்டும், முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பொருளைத் தைப்பவர்.

விஷயம் இதுதான். பருத்தித் துணியில் தைத்த குஷன் கவர் உள்ளே ஒன்றும் இல்லாமல் போனால் எச்.எஸ். பட்டியலில் ஜவுளிக்கான 63-ஆம் அத்தியாயம், 6304. நெய்த பருத்தி என்றால் 6304.92, நிட்டட் துணி என்றால் 6304.91. அதே கவருக்குள் ஃபைபரோ ஃபோமோ இலவம்பஞ்சோ அடைத்துவிட்டால் அது ஜவுளியை விட்டே வெளியேறி, மரச்சாமானும் மெத்தையும் விளக்கும் இருக்கிற 94-ஆம் அத்தியாயத்துக்குப் போய், 9404.90-இல் உட்கார்ந்துவிடும். இதில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல இடமே இல்லை, 6304-இன் வாசகத்திலேயே 9404-இல் வருபவை நீங்கலாக என்று இருக்கிறது, ஜவுளிப் பிரிவின் முதல் குறிப்பும் 94-ஆம் அத்தியாயப் பொருள்களை வெளியே அனுப்பிவிடுகிறது. படுக்கைத் தலையணை உறை என்றால் அது இன்னொரு இடம், 6302. இந்த ஆறு இலக்கம் வரைக்கும் 1988 முதல் உலகம் முழுக்க ஒரே முறைதான், அதற்கு மேல்தான் ஒவ்வொரு நாடும் தன் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது.

இப்போது பணத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தச் சலுகையும் இல்லாத சாதாரண விகிதப்படி 6304.92-க்கு இறக்குமதி வரி 12 சதவீதம். அடைத்த குஷனுக்கு 3.7 சதவீதம். அமெரிக்காவில் கவருக்கு 6.3, பருத்தி குஷனுக்கு 5.3, வேறு துணி என்றால் 6. ஒரு உதாரணத்துக்கு 45-க்கு 45 சென்டிமீட்டர் கவர் பத்தாயிரம், ஒன்று 2 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 20,000 யூரோ சரக்குக்கு 2,400 யூரோ வரி. அதையே அடைத்து 3 யூரோவுக்கு விற்றால் 30,000 யூரோ சரக்குக்கு 1,110 யூரோதான். விலை அதிகமான சரக்குக்குப் பாதிக்கும் குறைவான வரி!

உடனே எல்லாரும் அடைத்து அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. உப்பிய குஷன் ஒன்று 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் பத்தாயிரம் குஷன் 300 கன மீட்டருக்கு மேல், நாற்பதடி ஹைகியூப் கன்டெய்னர் குறைந்தது நான்கு வேண்டும். வேக்கூம் செய்து அமுக்கினால் குறையும்தான், ஆனால் பிரித்த பிறகு குஷன் பழையபடி உப்பவில்லை என்று பையர் கழித்துவிடுகிற தலைவலி தனி. கவரை மட்டும் மடித்து அட்டைப்பெட்டியில் போட்டால் ஒரு கன்டெய்னரின் மூலையில் அடங்கிவிடும். ஆக ஃப்ரெயிட்டும் வரியும் எதிரெதிராக இழுக்கின்றன, தூத்துக்குடியிலிருந்து அன்றைய ஃப்ரெயிட் என்ன என்பதைப் பொறுத்து விடை மாறும். அதனால்தான் இதை கஸ்டம்ஸுக்கு ஷிப்பிங் பில் அடிக்கும் அன்றைக்கு யோசித்துப் பிரயோஜனமில்லை என்கிறேன்.

இங்கே நம் அரசாங்கமும் ஒரு பக்கம் இழுக்கிறது. மத்திய, மாநில வரிகளை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தருகிற ஆர்ஓஎஸ்சிடிஎல் திட்டம் ஆயத்த ஆடைக்கும் 63-ஆம் அத்தியாய மேட்-அப்ஸுக்கும் (தைத்து முடித்த மற்ற ஜவுளிப் பொருள்களுக்கும்) மட்டும்தான். குஷன் 9404 ஆன நிமிடமே அதை விட்டு, மற்றப் பொருள்களுக்கு வரியைத் திருப்பித் தருகிற ஆர்ஓடிடிஇபி-க்குப் போய்விடும், கிடைக்கிற தொகை குறையும். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் இருக்கிறது. அடைத்த குஷனில் வேலை கூடுதல்: ஃபைபரை எடை போட்டு நிரப்ப வேண்டும், மூலை நான்கும் நிரம்பியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும், இன்சர்ட்டின் வாயைத் தைக்க வேண்டும், உடைந்த ஊசி எதுவும் உள்ளே இல்லை என்று மெட்டல் டிடெக்டரில் விட்டு எடுக்க வேண்டும். அத்தனையும் நம் ஊர்ப் பெண்களின் கூலி. கூடுதல் வேலை கொடுக்கிற பொருளுக்குத் திரும்பி வருகிற வரி குறைவு என்றால், வேலைவாய்ப்புக்காகத்தான் ஜவுளிக்குச் சலுகை என்று சொல்வதில் என்ன அர்த்தம்? பருத்தித் துணியால் மூடிய 9404 பொருள்களையும் அந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். இதை நம் சங்கங்கள் டெல்லியில் பேச வேண்டும்.

தப்பான கோடு என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டின் கதை. ஃபோம் வைத்து, பின்னால் கட்டுவதற்கு நாடா தைத்த சேர் பேட். ஐரோப்பிய பையர் தன் பி.ஓ.வில் 6304 என்று போட்டுவிட்டார், இவர்களும் அப்படியே இன்வாய்ஸில் அடித்து அனுப்பினார்கள். அங்கே 3.7 கட்ட வேண்டிய இடத்தில் 12 கட்டிய பையர், லேண்டட் காஸ்ட் (வரியும் சேர்த்து அங்கே போய் விழுகிற விலை) கட்டுப்படியாகவில்லை என்று இவர்கள் விலையைக் குறைத்தார். இங்கே 63-ஆம் அத்தியாயம் என்று வாங்கிய ஆர்ஓஎஸ்சிடிஎல்லை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இரண்டு பக்கமும் நஷ்டம். சேர் பேடை ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

பருத்தி குஷன் என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்கக் கணக்கில் உள்ளே அடைத்தது முழுக்க பாலியஸ்டராக இருந்தாலும், மேல் துணி பருத்தி என்றால் அது பருத்தி குஷன்தான், 5.3. காலி கவரில் கலப்புத் துணி என்றால் எடையில் எது அதிகமோ அது. அதனால் 55-45 காட்டன்-லினன் துணியில் விகிதம் தலைகீழானால் கோடும் 6304.99 ஆகிவிடும், மில்லில் ஊடை மாற்றினால் டாக்குமென்ட் போடுகிறவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சோபாவுக்கென்றே வெட்டித் தைத்த சீட் குஷன் தனியாகப் போனால் 9404-தான், சோபாவோடு சேர்ந்து போனால் சோபாவின் கோடு. காற்றடிக்கிற குஷன் 94-இல் வரவே வராது. யானை, முயல் வடிவத்தில் தைப்பதுதான் உண்மையான சிக்கல், அது பொம்மையா குஷனா என்பதைப் பொருளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானபோது, துணியை இங்கே நெய்து வேறு நாட்டில் தைத்தால் தப்பித்துவிடலாம் என்று சிலர் பேசினார்கள். பருத்தியில் 6304.92-க்கும் சரி, 9404.90 குஷனுக்கும் சரி, துணி எங்கே நெய்ததோ அதுதான் மூல நாடு என்பது அமெரிக்க விதி. எந்தக் கோடு என்று தெரிந்துகொண்டு அதற்கான விதியைப் படித்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்திலும் வரிக் குறைப்பு, மூல நாட்டு விதி எல்லாமே இந்த எண்ணை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே கேட்க வழி இருக்கிறது. அமெரிக்கக் கஸ்டம்ஸில் ஏற்றுமதி செய்கிற நாமே எந்தக் கோடு என்று ஆன்லைனில் ரூலிங் (எழுத்துபூர்வ முடிவு) கேட்கலாம், கட்டணம் கிடையாது. பழைய ரூலிங்குகள் எல்லாம் கிராஸ் என்ற தளத்தில் திறந்தே கிடக்கின்றன, குஷனுக்கு மட்டுமே ஏகப்பட்டது இருக்கிறது. ஐரோப்பாவில் பையரை பிடிஐ (அங்கத்திய கஸ்டம்ஸ் கொடுக்கிற ரூலிங்) வாங்கச் சொல்லுங்கள், மூன்று வருடம் செல்லும். இங்கே டெல்லியிலும் மும்பையிலும் அட்வான்ஸ் ரூலிங் ஆணையம் இருக்கிறது.

அப்புறம், இன்வாய்ஸில் வெறுமனே "காட்டன் குஷன்" என்று அடிப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். நெய்ததா நிட்டட்டா, மேல் துணியில் எத்தனை சதவீதம் பருத்தி, உள்ளே என்ன அடைத்திருக்கிறது, அடைக்கவில்லை என்றால் அடைக்கவில்லை என்று, ஜிப் உண்டா, அளவு என்ன, எல்லாம் ஒரே வரியில் வர வேண்டும். சங்கத்தில் யாராவது முன்வந்தால், குஷன், சேர் பேட், பூஃப் (உட்காருகிற திண்டு) மூன்றுக்கும் வந்திருக்கிற ரூலிங்குகளைத் தொகுத்துத் தமிழில் போட்டுவிடலாம். அந்த வேலைக்கு உட்கார நான் தயார், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.