பழைய கார் என்றாலும் நீங்கள் நுகர்வோர்தான்
"செகண்ட் ஹேண்ட் காருக்குக் கையெழுத்து போட்டாச்சுன்னா அவ்வளவுதான், புதுச்சேரி டீலர் என்றால் கடலூர்க்காரர் அங்கேதான் அலையணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. தயவுசெய்து இதை நம்பி யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளை விலக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால் போதும். தேய்ந்த டயர், பழைய பேட்டரிக்கெல்லாம் வழக்கு நிற்காது, சரி. ஆனால் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவதும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை 'சுத்தமான வண்டி' என்று விற்பதும் ஏமாற்று. 'உள்ளது உள்ளபடி' என்ற ஒரு வரி அதை மறைத்துவிடாது. 34-வது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூரிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் பாருங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.