அவுட்பில்டிங் பணக்காரர்கள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த் பகுதி. ஞாயிற்றுக்கிழமை. அத்தை வராந்தாவில் டபுள் பீன்ஸ் உரிக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் அவுட்பில்டிங் என்ற சிறு வீட்டில் மனைவி சுமதியோடு குடியிருக்கும் மருமகன் குமரன் வாடகையோடு வருகிறான்.)

அத்தை: இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 1,10,000 ரேண்ட் சம்பளம். இன்னும் என் பின்கட்டில் ஏன்டா கிடக்கிறீர்கள்?

குமரன்: வரி போக 80,000தான் கைக்கு வருகிறது, அத்தை.

அத்தை: ஐயோ பாவம். இந்தா, ஒரு வாழைப்பழம் சாப்பிடு.

குமரன்: சிரிக்காதீர்கள். கடலோரம், உம்ஷ்லாங்காவில் ஒரு பிளாட் பார்த்தோம். 25 லட்சம். 10.5 சதவீத வட்டியில் 20 வருட பாண்ட், அதாவது வீட்டுக் கடன் என்றால் மாதம் ஏறக்குறைய 25,000.

அத்தை: மிச்சம் 55,000 இருக்கிறதே!

குமரன்: கட்டடப் பராமரிப்புக்கு லெவி, மாநகராட்சிக்கு ரேட்ஸ் வரி, மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் பள்ளி, இரண்டு காருக்குத் தவணை, அதற்கு இன்சூரன்ஸ்...

அத்தை: அந்த வெள்ளைக் காரைச் சொல்கிறாயா? உன் பிளாட்டை நேரே என் கேட்டுக்குள் நிறுத்தியிருக்கிறாய் என்று சொல்.

குமரன்: ஆபீசுக்கு அப்படித்தான் போக வேண்டியிருக்கிறது. அதுவும் போகட்டும். சாவி கைக்கு வருமுன்னே, வீடு வாங்க அரசுக்குக் கட்டும் டிரான்ஸ்பர் டூட்டி வரி மட்டும் 67,200 ரேண்ட். அப்புறம் வக்கீல் இரண்டு பேர். வீட்டைப் பெயர் மாற்ற ஒருவர், பாண்டைப் பதிய இன்னொருவர். இரண்டு பேருக்கும் நான்தான் கட்ட வேண்டும்.

அத்தை: 20 வருடத்தில் மொத்தம் எவ்வளவு ஆகும்?

குமரன்: (மெதுவாக) கிட்டத்தட்ட 60 லட்சம்.

அத்தை: ஒரு பிளாட் உனக்கு, ஒன்றரை பிளாட் பேங்குக்கா! சரி, என் வீட்டை வாங்கிக்கொள். 12,10,000. 2025 ஏப்ரலில் வரம்பை மாற்றினார்களே, அதன்படி இந்தத் தொகை வரைக்கும் டிரான்ஸ்பர் டூட்டி கிடையாது. நானும் விசாரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

குமரன்: சாட்ஸ்வர்த்திலா? எங்கள் ஆபீசில் யாரும் இங்கே...

அத்தை: இப்போது எங்கே குடியிருக்கிறாய், பாரிஸிலா? நிறவெறிக் காலத்தில், இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி எங்களை இங்கே தள்ளினார்கள். தள்ளிய இடத்தில்தான் கோயில் கட்டினோம், பள்ளிக்கூடம் கட்டினோம். உனக்கு மட்டும் கடல் தெரிய வேண்டுமாக்கும்.

குமரன்: நீங்கள் எங்கே போவீர்கள்?

அத்தை: அவுட்பில்டிங்குக்கு. வாடகை தரமாட்டேன்.

குமரன்: சுமதியைக் கேட்க வேண்டும், அத்தை.

அத்தை: அவள் போன வாரமே வந்து பேசிவிட்டாள். 50,000 குறைக்கச் சொன்னாள். முடியாது என்றேன்.

குமரன்: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அத்தை: அந்த வெள்ளைக் காரை வாங்கும்போது நீ அவளிடம் சொன்னாயா?