மாந்தோப்பில் ஒரு பீரங்கி வீரர்

(கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாந்தோப்பு. கயிற்றுக் கட்டிலில் மாமனார் அமர்ந்திருக்கிறார். எதிரே சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த மருமகன். பெங்களூரா மரங்களில் கிளிகள் காயைக் கொத்திக்கொண்டிருக்கின்றன.)

மாமனார்: மாப்பிள்ளை, நீங்கள் பீரங்கிப் படையில் இருந்தவர் என்று இருபது ஆண்டுகளாக டீக்கடையில் மார்தட்டி வருகிறேன். நேற்று ஒருவன், "எந்தப் போரில்?" என்று கேட்டுவிட்டான். டீ ஆறிவிட்டது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். எந்தப் போர் அது?

மருமகன்: போரே இல்லை, மாமா. பதினெட்டு வயதான ஆண்பிள்ளைகள் படையில் சேர்ந்தாக வேண்டும் என்பது 1967 முதல் எங்கள் நாட்டுச் சட்டம். என்னைப் பீரங்கிக்கு அனுப்பினார்கள்.

மாமனார்: சரி, சிங்கப்பூரில் எங்கே சுட்டீர்கள்?

மருமகன்: அங்கேதான் சுட முடியாது. எங்கள் 155 மில்லிமீட்டர் பீரங்கியின் குண்டு சுமார் 40 கிலோமீட்டர் வரை பாயக்கூடியது. எங்கள் தீவோ, கிழக்கிலிருந்து மேற்கு வரை அளந்தாலும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான்.

மாமனார்: அப்படியானால் இங்கே பழைய பேட்டையில் சுட்டால் காரிமங்கலத்தையே தாண்டிப் போய் விழும்!

மருமகன்: எங்களுக்கு அது கடலில் விழும், இல்லையென்றால் மலேசியாவில் விழும், இரண்டுமே மரியாதையாக இருக்காது. ஆகையால் 8,000 கிலோமீட்டருக்கும் அப்பால், நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள வையூரு என்ற இடத்துக்குப் போய்ச் சுட்டுவிட்டு வந்தோம்.

மாமனார்: வெடி வைப்பதற்கு இன்னொரு நாட்டாரிடம் அனுமதி கேட்டீர்களா? எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வாணம் விடும்போது பக்கத்துக் காட்டுக்காரனைக்கூட யாரும் கேட்பதில்லை.

மருமகன்: போனது தை மாதம், அங்கே அதுதான் கோடை என்றார்கள். ருவாபெஹு எரிமலையின் பக்கத்தில் அந்தக் கோடையின் இரவில் எனக்குப் பல் தந்தியடித்தது. ஒவ்வொரு குண்டும் 40 கிலோவுக்கு மேல். உங்கள் மாங்காய்க் கிரேட் இரண்டைச் சேர்த்துத் தூக்குவதுபோல் இருக்கும்.

மாமனார்: எதிரியாக யாரை நிறுத்தினார்கள்?

மருமகன்: வெறும் புல்வெளிதான். அந்தப் பக்கத்தில் கைமனாவா என்னும் காட்டுக் குதிரைகள் திரிகின்றன. 1981இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. ஒரு நாள் குதிரைகள் தென்படுவதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். உடனே பீரங்கியை நிறுத்திவிட்டு, அவை மேய்ந்து முடிக்கும்வரை நாங்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தோம்.

மாமனார்: ஐயோ, இதை டீக்கடையில் சொன்னால் என் மானம் கப்பலேறிவிடும். குண்டு விழுந்ததையாவது கண்ணால் பார்த்தீர்களா?

மருமகன்: இல்லை. மேட்டில் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பார். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, "200 மீட்டர் கூட்டு, 50 மீட்டர் இடப்பக்கம்" என்று சொல்வார். காற்று, வெப்பநிலை, வெடிமருந்தின் சூடு, எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து நாங்கள் குழாயைத் திருப்புவோம். சத்தம் மட்டுமே எங்களுடையது. விழுவதைப் பார்க்கும் பாக்கியம் மேட்டுக்காரருக்கு.

மாமனார்: இவ்வளவு கணக்குத் தெரிந்தவர் என் காயையெல்லாம் கிளி தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா? இந்தக் கல்லை எடுங்கள். நான் கிணற்று மேட்டில் நின்று சொல்கிறேன்.

(பீரங்கி வீரருக்குத் தாய்நாட்டில்கூட இப்படியோர் உடனடி அனுமதி கிடைத்ததில்லை. அவர் விரலை நனைத்துக் காற்றின் திசை பார்க்கிறார், ஒரு கண்ணை மூடுகிறார், எறிகிறார். கிளிகள் அசையவில்லை. மோட்டார் அறையின் தகரக் கூரையில் "டமார்" என்று ஓசை எழுகிறது. அடுத்த தோப்பிலிருந்து யாரோ ஏசுகிறார்கள்.)

மருமகன்: மாமா, திருத்தம் சொல்லுங்கள்! எவ்வளவு கூட்ட வேண்டும்?

மாமனார்: 8,000 கிலோமீட்டர் கூட்டுங்கள், மாப்பிள்ளை. கிளிகளை வேண்டுமானால் நான் அங்கே அனுப்பி வைக்கிறேன்.