ஐந்து கிலோமீட்டருக்குள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி உண்டு. எத்தனை பேர், பள்ளி இருக்கிறதா, பஸ் வருமா என்று. பஸ் வராவிட்டால், அது கிடைக்கும் தூரத்துக்கு ஒற்றை எழுத்து: 5 கிலோமீட்டருக்குள் 'ஏ', 5 முதல் 10 வரை 'பி', அதற்கு மேல் 'சி'. எங்கள் ஊர் 'ஏ'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் அந்த 'ஏ'யை நடந்து பார்க்கட்டும்!

மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும், கூட்டமாக இருந்தால் டவுன் பஸ் நிற்காது. நின்றாலும் ஐம்பதடி தள்ளித்தான். புத்தகப் பையோடு பிள்ளைகள் ஓட வேண்டும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் பஸ் நின்றால்தானே ஏற முடியும்?

மினி பஸ் கேட்டு மனு கொடுத்தால், "ஜனத்தொகை போதாது, கலெக்‌ஷன் வராது" என்கிறார்கள். பஸ் இல்லாததால்தானே ஐயா இளவட்டமெல்லாம் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டது! அப்புறம், 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கும் தள்ளிப்போய், அவர்கள் காட்டுவது அதே 2011 கணக்கு. மினி பஸ் வரும்வரை ஷேர் ஆட்டோக்காரர் கேட்பதுதான் கட்டணம். பத்துப் பேர் சேராமல் வண்டியும் நகராது.