ஊரில் இருக்கும் பெற்றோரை அமெரிக்க வரியில் காட்டலாமா?

"அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும், அவர்களை டிபெண்டன்ட்டாக (நம்மைச் சார்ந்து வாழ்பவராக) வரிக்கணக்கில் காட்டி ஆளுக்கு 500 டாலர் வரி குறைக்கலாம்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

எவ்வளவு அனுப்பினாலும் சரி, அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் ஆண்டு முழுக்க மதுரையில் வசிக்கும் அம்மாவைக் காட்ட முடியாது. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் விதிப்படி டிபெண்டன்ட் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிக்கணக்கில் அமெரிக்கவாசியாகவோ, கனடா அல்லது மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சலுகை! அதிலும் அந்த 500 டாலர் கழிவு கனடா, மெக்சிகோ வாசிகளுக்குக் கிடையாது.

விசிட்டர் விசாவில் வந்து தங்கும் பெற்றோர்? ஒரே ஆண்டில் 183 நாள் இருந்தால் பொதுவாக வரிக்கணக்கில் அமெரிக்கவாசி ஆகிவிடுவார்கள். முந்தைய ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கும் இந்த 183 நாள் கணக்கில் சேரும். ஆனால் அப்படி ஆகிவிட்டால், ஊரில் வரும் வாடகை, வட்டியும் அமெரிக்க வரிக்கணக்கில் வந்துவிடும். அது 2024-இல் 5,050 டாலரைத் தொட்டாலே டிபெண்டன்ட் தகுதி போச்சு. அவர்களின் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றிருக்கவும் வேண்டும்.

"ஒரே வீட்டில் இருந்தால்தான் காட்டலாம்" என்பதும் சிலர் சொல்வதுதான். பெற்றோருக்கு அந்த நிபந்தனை இல்லை. கிரீன் கார்டு வாங்கி டல்லாஸில் தனி வீட்டில் இருக்கும் அப்பாவை, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் தாராளமாகக் காட்டலாம்.