டோட்டன்போரி ஒரு நாடகத் தெரு

மூன்று நாட்களாகப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

எந்தக் காணொளியைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஏழெட்டுப் பேர் எனக்கே அனுப்பியிருந்தீர்கள். ஜப்பானின் ஒசாகா நகரில் உள்ள டோட்டன்போரி கால்வாய்த் தெருவில், எபிசு பாலத்தின் மேல் நின்றுகொண்டு அந்தத் தம்பி சொல்கிறார்: "டோட்டன்போரியில் நண்டு விளம்பரப் பலகையும் ஓட்டக்காரர் விளம்பரப் பலகையும் தவிர ஒன்றும் கிடையாது. தின்னலாம், படம் எடுக்கலாம், நாற்பது நிமிடம் போதும். வரலாறு வேண்டுமென்றால் ரயில் பிடித்து கியோட்டோ போங்கள்." கீழே நூற்றுக்கணக்கானோர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

அவர் நின்ற இடத்திலிருந்து கால்வாயோரமாகக் கிழக்கே ஐந்தாறு நிமிடம் நடந்திருந்தால் போதும். நிப்பொன் பாலத்தருகே ஒரு பெரிய நினைவுக்கல் இருக்கிறது. அந்தக் கால்வாயை வெட்டியவர்களின் நினைவாக 1915இல் நட்டது. 1612இல் டோட்டன் என்பவர் சொந்தப் பணத்தைப் போட்டு அந்தக் கால்வாயை வெட்டத் தொடங்கினார். 1615இல் ஒசாகாக் கோட்டை முற்றுகையில், கோட்டையை வைத்திருந்த தொயொதொமி குலத்தின் தரப்பில் நின்று உயிரை விட்டார். உறவினர்கள் அதே ஆண்டு வேலையை முடித்தார்கள். அப்போது ஊருக்குப் புதிதாக வந்த ஆட்சியாளர் மட்சுதைரா ததாகி, வென்ற தொகுகவா இயெயசுவின் பேரன். தோற்ற தரப்பில் செத்தவரின் பெயரையே அவர் கால்வாய்க்குச் சூட்டினார். டோட்டனின் கால்வாய், டோட்டன்போரி. எதிரியின் பெயரை நானூறு ஆண்டுகளாக அழியாமல் வைத்திருக்கும் ஒரு இடத்தைப் பார்த்துத்தான் வரலாறு இல்லை என்கிறார்கள்.

சரி, கால்வாயை விடுங்கள். எனக்கு உண்மையில் வலித்தது "தின்கிற தெரு" என்ற பேச்சு. டோட்டன்போரி நாடகத் தெரு. 1626இல் நாடகக் கொட்டகைகளைக் கால்வாயின் தென்கரைக்குக் கொண்டுவர அனுமதி கிடைத்த நாளிலிருந்து அது நாடகத் தெரு. 1684இல் தகெமோட்டோ கிதாயு என்ற கதைப் பாடகர் அங்கேதான் தன் பொம்மலாட்ட அரங்கைத் திறந்தார். நாடகாசிரியர் சிகமட்சு எழுதியது அந்த அரங்குக்காகத்தான். சோயா சாறு விற்கும் கடையில் வேலை பார்த்த ஒரு இளைஞனும் ஒரு தாசிப் பெண்ணும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 1703இல் நடந்த உண்மைச் சம்பவம் அது. ஒரே மாதத்தில் அதை 'சொனேசாகி ஷின்ஜு' என்று மேடையேற்றினார்கள். கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தின் மேடையில் தரையே சுழலுமே, அந்தச் சுழல்மேடையை நமிகி ஷோசோ 1758இல் அமைத்துக் காட்டியதும் இதே தெருவின் கடோ அரங்கில்தான். இதையெல்லாம் எந்த அருங்காட்சியகத்தில் தேடுவீர்கள்? அந்தத் தம்பி டாக்கோயாகி என்ற ஆக்டோபஸ் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு நடந்த அதே கல்தளத்தில்தான் நடந்தது.

"அப்படியானால் சாப்பாட்டுக் கடைகள் எங்கிருந்து வந்தன?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் மடக்கியிருந்தார். நாடகத்திலிருந்துதான் வந்தன ஐயா. அந்தக் காலத்தில் விடியலில் தொடங்கினால் பொழுது சாயும்வரை நாடகம் நடக்கும். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பசிக்காதா? இருக்கை பிடித்துத் தருவது, தேநீர் கொடுப்பது, சாப்பாடு கொண்டுபோய்த் தருவது என்று நாடகத் தேநீர் விடுதிகள் தெரு நிறைய முளைத்தன. இன்று ஜப்பான் முழுக்க ரயில் நிலையங்களில் விற்கும் 'மகுனோஉச்சி' சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறதே, அந்தப் பெயருக்குத் திரைகளுக்கு நடுவே என்று பொருள். திரை விழுந்து அடுத்த திரை எழுவதற்குள் சாப்பிடுவது. "கியோட்டோக்காரன் உடுத்தியே அழிவான், ஒசாகாக்காரன் தின்றே அழிவான்" என்ற பழமொழியை எல்லோரும் சொல்கிறார்கள். இந்தத் தெருவில் அந்தத் தீனிக்கு வழி போட்டது கூத்துதான்.

2018இல் அப்பா ஒசாகாவுக்கு என்னிடம் வந்து ஒரு மாதம் இருந்தார். இளமையில் ஊர்த் திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நிப்பொன்பாஷியில் உள்ள தேசிய புன்ராக்கு அரங்குக்கு அழைத்துப் போனேன். புன்ராக்கு என்பது அந்தப் பொம்மலாட்டம்தான். ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லும் காதுக்கருவியைக் கொடுத்தபோது வேண்டாம் என்று திருப்பிவிட்டார். பாடகர் கதைப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் தூக்கி நெற்றிவரை உயர்த்தி வணங்கிவிட்டுத்தான் பாடத் தொடங்கினார். இருட்டில் திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அதே 'சொனேசாகி'தான். நாயகி ஒஹட்சு திண்ணை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். காதலன் அவள் ஆடைக்குள் மறைந்து திண்ணைக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். எதிரிகள் எதிரிலேயே இருப்பதால் வாய்விட்டுப் பேச முடியாது. சாகத் துணிந்தாயா என்று அவள் காலால் கேட்கிறாள். அவன் அந்தப் பாதத்தைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்து இழுக்கிறான். புன்ராக்குவில் பெண் பொம்மைகளுக்கு வழக்கமாகக் கால்களே கிடையாது. ஆடையின் மடிப்பை அசைத்தே நடக்க வைப்பார்கள். இந்த ஒரு காட்சிக்காக மட்டும் ஒரு வெள்ளைப் பாதம் வெளியே வரும். அப்பாவுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "இதை முதலில் எங்கே ஆடினார்கள்?" என்று கேட்டார். தகெமோட்டோ அரங்கு இருந்த இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன். கூட்டம் இடித்துக்கொண்டு போனது. அப்பா சுவரோரமாக ஒதுங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றார். அப்பா இப்போது இல்லை. "அங்கே ஒன்றுமில்லை" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

"அந்த அரங்குகள் இப்போது இல்லையே, பலகைகள்தானே மிச்சம்?" என்பீர்கள். இல்லைதான். 1945 மார்ச் குண்டுவீச்சில் அந்த வட்டாரமே எரிந்தது. போருக்குப்பின் மறுபடி கட்டிய நாகா அரங்கு 1999இல் மூடப்பட்டது. 2002இல் அதை இடிக்கும்போது தீப்பிடித்து, பின்னால் இருந்த ஹோசென்ஜி சந்தும் சேர்ந்து எரிந்தது. புதிய சட்டப்படி கட்டினால் சந்தை நான்கு மீட்டருக்கு அகலப்படுத்த வேண்டும். அந்த மக்கள் ஒப்பவில்லை. லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கி, பழைய 2.7 மீட்டர் அகலத்திலேயே கல் பாவி மீட்டெடுத்தார்கள். இரண்டு பேர் குடையோடு எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்த்தாக வேண்டும். அந்த நெருக்கத்தை இழக்கக் கூடாது என்று போராடிய ஊரை வரலாறு தெரியாத ஊர் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

பலகைகளுக்கும் வருகிறேன். நாகா அரங்கு இருந்த இடத்தில் இன்று நிற்கும் கட்டடத்தின் வாசலில், கோமாளி உடையில் மேளம் தட்டும் ஒரு பொம்மை இருக்கிறதல்லவா, தம்பி அதன் தோளில் கைபோடுவதுபோல் படம் எடுத்துப் போட்டிருக்கிறாரே, அது குயிதாவோரே தாரோ. 1950இல் ஒரு உணவகத்துக்காகச் செய்தது. செய்தவர் யார் தெரியுமா? புன்ராக்கு பொம்மை செய்யும் கலைஞர். பழைய அரங்குகளின் வாசலில் மேளம் கட்டிய கோபுரமும் வரைந்த பலகைகளும் கொடிகளும் நின்று கூட்டத்தை அழைத்தன. இன்று அதே இடத்தில் பொம்மை மேளம் தட்டுகிறது. எனக்கு இது ஒரே தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது. ஓட்டக்காரர் பலகைக்கும் கதை உண்டு. 1935இல் 33 மீட்டர் உயரத்தில் நின்றதை 1943இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று பிரித்துக் கொடுத்தார்கள். இன்று நிற்பது ஆறாவது, 2014இல் வைத்தது. "வெறும் பலகை" என்றால் இத்தனை முறை எதற்கு மறுபடி மறுபடி வைக்கிறார்கள்?

கூட்டம் அதிகம், விலை அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

"நீங்கள் என்ன ஒசாகாவில் பிறந்தவரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பிறக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அங்கே சம்பளம் வாங்கி, அங்கே காய்கறி வாங்கி, அங்கே காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கிறேன். ஒரு ஊரைப் பற்றி மதிப்போடு பேச அங்கே பிறந்திருக்க வேண்டுமா? நாற்பது நிமிடம் நின்றவருக்கு இருக்கும் உரிமை எனக்கு இல்லையா? கியோட்டோவின் கோயில்களைப் பார்த்தால் வரலாறு, கடைத்தெருவில் ஏழை வியாபாரிகள் காசு கொடுத்துப் பார்த்து அழுத நாடகம் வரலாறு இல்லையா? அரசர் கட்டியதை மட்டும்தான் கும்பிடுவோம் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள்.

மனம் கனக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 1923இல் அந்தத் தெருவில் எழுந்த ஒசாகா ஷோசிகு அரங்கைக் கட்டடம் பழசாகிவிட்டதால் 2026 மே மாத நிகழ்ச்சிகளோடு மூடுவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஜூலை கபுகிக்கு நடிகர்கள் படகில் ஏறி அந்தக் கால்வாய் வழியாக வரும்போது இரு கரையிலும் பாட்டிமார்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அறிவிப்பு வந்த வாரம் அங்கே போயிருந்தேன். அந்தப் பெரிய வளைவு முகப்பை ஒரு அம்மா கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முழு வளைவும் படத்தில் அடங்காமல் பின்னால் பின்னால் நகர்ந்து, கடைசியில் எதிர்க்கடைப் படியிலேயே ஏறிவிட்டார். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பெயர்ப்பலகையை நகர்த்தி இடம் விட்டார்.

தம்பி, உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. அந்த அரங்கு மூடுவதற்குள் ஒருமுறை வாருங்கள். டிக்கெட் நான் எடுத்துவைக்கிறேன், இடைவேளைச் சாப்பாட்டுப் பெட்டியும் என் செலவு. நாற்பது நிமிடம் மட்டும் போதாது, ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.